டெய்லர் வெளுத்த கல்

கல்லில் எலுமிச்சம்பழம் தேய்த்த இடம் மட்டும் வெளுத்து, வழுக்கைத்தலை மாதிரி பளபளத்தது. மற்ற இடமெல்லாம் சிவப்பு. டெய்லர் தேய்ப்பதை நிறுத்தினார்.

மனைவி போய்ச்சேர்ந்து மூன்று மாதம். அவள் ஜன்னலோரம் வைத்திருந்த சிவப்புக் கல்லை மகள் கேட்டிருந்தாள். "வேற எதுவும் வேணாம்ப்பா. அம்மா கல்லு மட்டும் போதும்." சாயங்காலம் வருகிறாள். தூசியோடு கொடுக்க வேண்டாமே என்றுதான் தேய்க்க உட்கார்ந்தார்.

"திட்டுத்திட்டா இருந்தாத்தானே மாமா அசிங்கம்?" என்றான் மச்சான். "பாத்ரூம் ஆசிட்ல ஊறப் போட்டா ஒரே சீரா ஆயிடும்."

ஆனது. கல் சுத்த வெள்ளை.

"சிவப்பு எங்கடா?"

"ஒரே சீரா இருக்குல்ல?"

பழைய சிவப்பைக் கொண்டுவர, துருப்பிடித்த ஆணியால் தேய்த்தார்கள். கருப்புக் கோடுகள் விழுந்தன. அதை மறைக்க மச்சான் பீட்ரூட்டை அரைத்துப் பூசினான். கல் ரோஸ் கலரில் திருதிருவென்று விழித்தது.

"அக்கா இருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருக்கும் மாமா."

"அவ இருந்தா நான் ஏன்டா இதைத் தொடப்போறேன்?"

மச்சான் பீட்ரூட் கிண்ணத்தைக் கழுவ எடுத்துப்போனான்.

மாடி வீட்டுப் பெண் கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்துபவள். டெய்லர் கல்லை ஈரத்துணியில் சுற்றி அவளிடம் எடுத்துப்போனார். அவள் பீட்ரூட்டைத் துடைத்துவிட்டு, காலி பாட்டில் ஒன்றில் கல்லை அழுத்தி இழுத்தாள்.

"கண்ணாடியைக் கீறுது. குவார்ட்ஸ்தான் அண்ணே, வெங்கச்சங்கல். சிவப்பு, மேலாகப் படிஞ்ச இரும்புக் கறை. கல்லுக்குள்ள இறங்கியிருந்தா ஆசிட்ல இப்படிப் போயிருக்காது."

"திரும்ப வராதா?"

அவள் உதட்டைப் பிதுக்கினாள். "இது எங்க கிடைச்சுது?"

"கல்யாணமான புதுசுல, ஆத்தங்கரையில நான்தான் பொறுக்கிக் குடுத்தேன்."

"அப்ப என்ன நிறம்?"

டெய்லர் யோசித்துப் பார்த்தார். எதுவும் வரவில்லை. "கவனிக்கலம்மா. குடுத்ததோட சரி. அப்புறம் வாழ்க்கை பூரா மெஷின்லதான் குனிஞ்சு கிடந்தேன்." "எத்தனை ஆயிரம் வருஷமா பூமி ஏத்தின சிவப்போ! ஒரே பகல்ல வழிச்சுப் போட்டுட்டேனே."

அவள் கல்லின் விரிசலில் மிச்சமிருந்த சிவப்புக் கோட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு கல்லை அவர் கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டாள்.

"பூமி ஏத்தலண்ணே. ஆத்துல உருண்ட கல்லுல மேல்கறை நிக்காது, நீங்க குடுத்தப்ப இது வெள்ளைதான். நம்ம போர் தண்ணியில இரும்பு ஜாஸ்தி. மாடியிலிருந்து பாத்திருக்கேனே, அண்ணி தினமும் குழாயடியில கழுவிக் கழுவி ஏறின சிவப்பு இது."