ஒரே ஒரு குளிர்காலம் பார்த்தவர்

செடி விற்கும் இடம் எங்கே இருந்தாலும், அங்கே செடிகளுக்கு நடுவில் ஒரு மனிதரும் வளர்ந்துகொண்டிருப்பார். அவருக்குத் தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம். கேட்பதற்கு இரண்டு காது கிடைத்தால் போதும், தழைத்துவிடுவார். இவர் செடி வாங்க வருபவர் அல்ல. மற்றவர்கள் வாங்கும்போது பக்கத்தில் நிற்க வருபவர். நீங்கள் ஒரு சட்டியைக் கையில் எடுக்க வேண்டியதுதான், எங்கிருந்தோ முளைப்பார், உங்களைக் கேட்காமலே ஆட்காட்டி விரலை மண்ணுக்குள் இறக்குவார், எடுத்து முகர்வார், ஓர் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார், பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியே வந்த டாக்டர் சொந்தக்காரர்களைப் பார்ப்பதுபோல உங்களைப் பார்ப்பார். வீட்டில் எந்தப் பக்கம் வைப்பீர்கள் என்று கேட்பார். நீங்கள் எந்தப் பக்கத்தைச் சொன்னாலும் அது தப்பான பக்கம்.

இந்த இனத்தில் பிரிவுகள் பல. யூடியூப் பார்த்தவர் உண்டு. ஊட்டி மலர்க் கண்காட்சிக்குப் போய்வந்தவர் உண்டு. ஆனால் எந்தப் பூச்சியும் அண்டாத வீரிய ரகம் ஒன்றுதான்: வெளிநாட்டில் ஒரே ஒரு குளிர்காலம் இருந்துவிட்டு வந்தவர்.

கொல்லயில் வீட்டு ராபின்சன் அந்த ரகம். மின்வாரியத்தில் ஓய்வுபெற்ற கையோடு கனடாவில் மகன் வீட்டுக்குப் போனார். நவம்பரில் போய் மார்ச்சில் திரும்பினார். வெளியே முழங்காலளவு பனி என்பதால் அந்த மாதங்களை ஒரு சோபாவில் கழித்தார். சோபாவுக்கு எதிரே மருமகள் வளர்த்த பதினொரு தொட்டிச் செடிகள்; செடிகளுக்கு மேலே ஒரு பல்பு. அந்தப் பல்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் அவருடைய தாவரவியல் படிப்பு. பட்டம் அவரே கொடுத்துக்கொண்டார்.

ஊர் திரும்பியவர், தூரத்துச் சொந்தமான லிஜியின் பசுமைக்குடிலில் தினமும் ஆஜர். இரும்புக் குழாய் நட்டு, பிளாஸ்டிக் கூரை போட்டு, பச்சை வலை கட்டிய குடில் அது. வெயிலையும் மழையையும் தடுப்பதற்காகக் கட்டியது. குளிரைத் தடுப்பதற்கு அல்ல, ஏனென்றால் தடுக்கும் அளவுக்கு அந்தக் கேரள எல்லைப் பக்கத்தில் குளிர் கிடையாது. டிசம்பர் விடியலில் இருபத்திரண்டு டிகிரி வந்தால் பாறசாலை சந்தையில் அதுவே பேச்சு. பத்து மணிக்கெல்லாம் சட்டை முதுகில் ஒட்டிவிடும். ஆனால் ராபின்சனுக்குக் குளிர்காலம் என்பது தட்பவெப்பம் அல்ல, தேதி. நவம்பர் முதல் தேதி ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக வந்து நின்றார்.

முதல் பலி கிருஷ்ணன்குட்டி. மணி பிளான்ட் வாங்க வந்த அப்பாவி.

"வின்டர்ல இது ஒறங்கும். தண்ணி ஊத்தப்பிடாது, கேட்டியா?" என்றார் ராபின்சன்.

"எத்தன நாளுக்கு?"

"மார்ச் வர."

கிருஷ்ணன்குட்டி சொன்னபடி செய்தார். மூன்று வாரம் கழித்து, காய்ந்த கொடியைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தார். ராபின்சன் அதைத் தொட்டுப் பார்த்து, "நல்ல ஒறக்கம்" என்றார்.

இப்படி ஒரு மணி பிளான்டோடு போயிருந்தால் நான் எழுதவே வந்திருக்க மாட்டேன். லிஜிக்கு அந்த வருடம் சபையிலிருந்து ஓர் ஆர்டர் கிடைத்திருந்தது. கிறிஸ்மஸ் ஆராதனைக்கு ஆல்டர் என்னும் பீடத்தைச் சுற்றி வைக்க எண்பது சட்டி பாயின்செட்டியா. உச்சி இலைகள் சிவந்து பெரிய பூ மாதிரி விரியுமே, அந்தச் செடி. இது சரியாக அமைந்தால் ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை, சபையில் நடக்கும் கல்யாணம் என்று வருடம் முழுக்க அலங்காரம் அவளுக்குத்தான். அமையாவிட்டால் பழையபடி நெய்யாற்றின்கரைப் பூக்கடைக்கு. மூன்று வருடம் கேட்டுக் கிடைத்த ஆர்டர் அது. சபைக் கமிட்டியில் பேசி வாங்கிக் கொடுத்தவர் யார்? ராபின்சன்தான். ஆர்டர் வாங்கிக் கொடுத்தவரிடம், தள்ளி நில்லுங்கள் என்று சொல்ல உங்களுக்கு நாக்கு எழுமா? லிஜிக்கும் எழவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி, எண்பது சட்டிக்கும் மேலே பன்னிரண்டு மஞ்சள் பல்புகளை ராபின்சன் தன் கையாலேயே தொங்கவிட்டார். முப்பத்திரண்டு வருட மின்வாரிய அனுபவம். வயரிங்கில் ஒரு குறை சொல்ல முடியாது.

"எதுக்கு மாமா இது?" என்றாள் லிஜி.

"தணுப்புக்கு மக்கா, குளிரடிக்காம இருக்க. சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டா பதினொண்ணு வர எரியணும். இதுக்கு வாய் உண்டா, தணுக்குதுண்ணு சொல்ல?"

"எனக்கே வேர்த்து வடியுதே?"

"ஒனக்கு வேர்க்கும். நீ என்ன கனடாவிலயா பெறந்த? இது அங்கத்த செடியாக்கும்."

லிஜி விடவில்லை. "போன வருசம் வெறகுப்பெரைக்குப் பின்னால ரெண்டு சட்டி கெடந்துது. லைட்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கிறிஸ்மசுக்கு நல்லா செவந்துதே?"

"அது தணுப்பு தாங்காம செவந்தது. நம்ம மூக்கு செவக்காதா, அதுபோல."

இந்த வாதத்துக்கு என்ன பதில் சொல்வீர்கள்? லிஜி சுவிட்சைப் போட்டாள். பல்புகள் எரிந்தன. செடிகளும் நன்றாக வளர்ந்தன, அதை மறுப்பதற்கில்லை. நவம்பர் முடிந்தது, பச்சை. டிசம்பர் முதல் வாரம், கரும்பச்சை. ஊரெல்லாம் வாசலில் நட்சத்திர விளக்கு தொங்கியது, பாடகர் குழு வீடு வீடாகப் போகத் தொடங்கியது, லிஜி காலையில் எழுந்ததும் பல் தேய்க்காமல் குடிலுக்கு ஓடி ஒவ்வொரு சட்டியாகக் குனிந்து பார்த்தாள். ஒரு சிவப்புப் புள்ளி? இல்லை. "இப்பம் பெலன் பிடிக்குது. பெலன் பிடிச்சப் பெறவாக்கும் நெறம்" என்றார் ராபின்சன்.

டிசம்பர் பதினாறாம் தேதி, வேளாண் அலுவலகமான கிருஷிபவனில் வேலை பார்க்கும் ரேஷ்மி வீட்டுக்குள் வைக்க ஏதோ செடி வாங்க வந்தாள். வந்தவள் மேலே பார்த்தாள், கீழே பார்த்தாள்.

"லிஜி அக்கா, இதுக்கு மேல யாரு பல்பு போட்டது?"

"ஏன்?"

"இது ராத்திரி நீளமானா மட்டும் செவக்கும். தெனமும் பதிமூணு, பதினாலு மணிக்கூறு நல்ல இருட்டு வேணும். ரெண்டு மாசத்துக்கு. இது மெக்சிக்கோ செடியில்லியா, தணுப்புதான் ஆகாது. நீங்க ராத்திரியப் பகலாக்கிப் போட்டீங்களே!"

லிஜி ராபின்சனைத் திரும்பிப் பார்த்தாள். ராபின்சன் குல்லாவைக் கழற்றினார். இந்த இடத்தில் ஒரு மன்னிப்பை எதிர்பார்த்தீர்களானால், இந்த இனத்தை நீங்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை.

"நான் சொன்னேம்லா?" என்றார் அவர். "பல்பு அளவோட இருக்கணும்ணு?"

மறுநாள் லிஜி பல்புகளைக் கழற்றி ஒரு வாளியில் போட்டுக்கொண்டிருந்தாள். குடிலின் மறுமுனையிலிருந்து ராபின்சனின் குரல் கேட்டது. யாரோ ஒரு புது வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தார்: "இருட்டு! இருட்டாக்கும் இதுக்கு முக்கியம். வெவரம் இல்லாதவன்தான் பல்பு தொங்கவிடுவான்."

கிறிஸ்மஸ் ஆராதனைக்கு எண்பது சட்டியும் போயின. கொடுத்த வாக்குக்காக லிஜி அனுப்பினாள். கமிட்டிச் செயலாளர் விஜயம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். "யாரு மக்கா, ஆல்டரச் சுத்திக் கீரைப்பாத்தி போட்டது?" பாடகர் குழுவில் பாதிப் பேருக்குச் சிரிப்பில் முதல் பாட்டு தப்பியது. லிஜி கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆராதனை முடியும்வரை தலையை நிமிர்த்தவில்லை.

ஜனவரியில் கமிட்டி கூடியது. லிஜியையும் அழைத்திருந்தார்கள். ஆர்டர் போய்விட்டது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு போனாள். ஆனால் ராபின்சன் எழுந்தார், பெருந்தன்மையாகப் பேசினார்.

"புள்ளைக்கு அனுபவம் போராது, ஒள்ளதுதான். ஒரு தவண மன்னிக்கணும். இந்த வருசம் நான் கூட நின்னு பாத்துக்கிடுகேன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். லிஜி எழுந்தாள்.

"ஈஸ்டருக்கு நான் பூ தாறேன். அடுத்த கிறிஸ்மசுக்கு எண்பது சட்டியும் செவப்பாத் தாறேன். செவக்கலேண்ணா ஒரு பைசா வேண்டாம். ஆனா மாமா என் குடில் கேட்டுக்கு வெளிய நிக்கணும். அவரு கூட நிக்கணும்னா எனக்கு ஆர்டர் வேண்டாம்."

விஜயம்மாதான் முதலில் சிரித்தார். "அப்பம் எழுதும்வே, ராபின்சன் கேட்டுக்கு வெளியேண்ணு" என்றார் கூட்டக் குறிப்பு எழுதுபவரிடம். மினிட் புத்தகத்தில் அது தீர்மானமாகவே ஏறியது.

ராபின்சன் வருந்தினாரா? இந்த இனம் வாடாது. இப்போது பூவார் பக்கம் படகுத்துறையருகே ஒருவர் தண்ணீர்ச் செடிகள் வளர்க்கிறார். ராபின்சன் அங்கே போய் நிற்கிறார். உறைந்த ஏரி எப்படி இருக்கும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுக்கிறார்.

நிற்க. பாயின்செட்டியாவுக்கு இருட்டு மட்டும் போதாது, எங்கள் வீட்டில் சிவந்ததற்குக் காரணமே வேறு, இதை எழுதியவனுக்கு அது தெரியவில்லை, எழுதிப் போட வேண்டும் என்று உங்களுக்குள் இந்நேரம் ஏதோ அரிக்கிறதா? பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறீர்களா? பூவாருக்குப் பேருந்து அரைமணிக்கு ஒன்று உண்டு. ராபின்சன் கொஞ்சம் நகர்ந்து உங்களுக்கும் இடம் கொடுப்பார்.