சனிக்கிழமை ஆறு மணியும் என் எலும்பில் விழுந்த ஓட்டையும்

அன்புள்ள மைத்துனன் ஆர்வோவுக்கு,

கீழ்வீட்டு அத்தான் தௌனோ எழுதிக்கொள்வது. நான் நலம் என்று எழுதினால் பொய். நீ நலம் என்பது சனிக்கிழமைதோறும் என் வீட்டுத் தரை வழியாகவே கேட்கிறது. ஒரே கட்டடத்தில் இருந்துகொண்டு கடிதமா என்று சிரிக்காதே. லிஃப்டில் ஏறி நேரிலேயே வந்திருப்பேன். என் கையில் ஊன்றுகோல் இருக்கும்போது நாம் சந்திப்பது உனக்கு நல்லதில்லை.

முழங்காலை மாற்றச் சொன்னவன் யார்? நீதான். "இப்பல்லாம் கேமரா வச்சு அளந்துதான் வெட்டுறாங்க அத்தான், மயிரிழை தப்பாது" என்று என் காப்பியைக் குடித்துக்கொண்டே சொன்னாய். அந்தக் கேமராவுக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று சொன்னாயா? இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டு, முழித்த கண்ணோடு படுக்கவைத்து, திரைக்கு அந்தப் பக்கம் டிரில் ஓட்டுகிறார்கள். "என்னம்மா, அலமாரி மாட்டுறீங்களா?" என்று கேட்டேன். "தொடை எலும்புல ரெண்டு ஆணி, முழங்காலுக்குக் கீழ ரெண்டு ஆணி, ஐயா. அதுல குண்டு குண்டா அடையாளம் மாட்டுவோம். அதைப் பாத்துத்தான் உங்க எலும்பு எங்க இருக்குன்னு கேமரா கண்டுபிடிக்கும். தற்காலிகம்தான், முடிஞ்சதும் கழட்டிருவோம்" என்றார் டாக்டரம்மா. என் எலும்பு எழுபது வருஷமா அங்கேயேதானே இருக்கு, எங்கே போச்சு? அப்புறம் ஒரு நர்ஸ் குறுக்கே நின்றாள், கேமராவுக்குக் கண் தெரியவில்லை. "நகரும்மா!" நகர்ந்தாள். குண்டில் ஒரு சொட்டு ரத்தம் தெறித்தது, மறுபடியும் குருடு. இத்தனை பேர் என் காலைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு காலைக் காணோம் என்று தேடுகிறார்கள்!

முழங்கால் ஆறிவிட்டது, அதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். ஆறாதது அந்தத் தற்காலிக ஆணி போட்ட இடம். ஓட்டையில் இன்னும் நீர் கசிகிறது. மூடும்வரை சௌனா என்கிற நீராவிக் குளியலறைப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அப்போது வந்தாயே, புண்ணியவானே! "சனிக்கிழமை ஆறு மணியைக் காலியா விட்டா வேற யாராவது கேட்டு வாங்கிடுவாங்க அத்தான். தற்காலிகமா நான் பாத்துக்கறேன்." என் வீட்டுக்கு நேர் கீழே, வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம் என்று பங்கு போட்ட இந்தக் கட்டடத்துச் சௌனாவில் அந்த நேரம் கிடைக்க ஒரு ஆள் சாகவேண்டும். அதுவரை நானும் உன் அக்கா ஹில்க்காவும் செவ்வாய்க்கிழமை மத்தியானத்தில் மனசே இல்லாமல் வேர்த்துக் கிடந்தோம். அவள் கண்ணை மூடினபிறகு எனக்கென்று மிஞ்சியது அந்த ஒரு மணி நேரம்தான். அதையும் நைசாகத் தட்டிக்கொண்டு போய்விட்டாய்.

இப்போது சனிக்கிழமை ஆறு மணிக்குக் கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கீழே சூடான கல்லில் தண்ணீர் விழுந்து சீறுகிறது. நீ பாடுகிறாய். போன வாரம் யாரையோ கூட்டிவேறு வந்திருந்தாய். "அத்தானா? அவருக்கு இனிமே எங்க முடியப்போவுது" என்று நீ சொன்னது தரை வழியாகத் தெளிவாகக் கேட்டது. வயிறு எரியுது ஆர்வோ. ஆணியையாவது வேலை முடிந்ததும் கழற்றினார்கள். உன்னைக் கழற்ற எந்த டாக்டரிடம் போவது? வியாழக்கிழமை புண்ணைப் பார்க்கிறார்கள். மூடியிருந்தால் இந்தச் சனிக்கிழமை அங்கே நான் இருப்பேன், நீ இருக்கக்கூடாது. உன் துண்டையும் பீர் பெட்டியையும் எடுத்துவிடு.

உன் மனைவிக்கும் நாய்க்கும் என் அன்பு. உனக்கு நீண்ட ஆயுள். அது வேறு கிழமைகளில் கழியட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான் தௌனோ

பி.கு.: இதை உன் கதவுக்குள் போடுவதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது. ஓட்டை மூடிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வேகத்தில் ஒத்திகை பார்க்கக் கீழே சௌனாவுக்கு இறங்கினேன். சூட்டில் உட்காரும் மேல்பலகைக்கு மூன்று படி. புது முழங்கால் முதல் படியிலேயே நின்றுவிட்டது. ஹில்க்கா இருந்தால் கை கொடுத்திருப்பாள். கீழ்ப்பலகையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்; வேர்வை என்று சொல்லவும் வழியில்லை, அடுப்பு ஆறிக் கிடந்தது. சனிக்கிழமை ஆறு மணிக்கு வா. போன வாரம் கூட்டிவந்த அந்த ஆள் வேண்டாம். என்னை மேலே ஏற்றிவிட்டு நீயும் உட்காரு. அடுப்போரம் மட்டும் உட்காராதே, அது உன் அக்கா இடம்.