செட்டில் ஆன மாப்பிள்ளை

ஆற்றில் மல்லாந்து மிதப்பவனிடம் யாரும் கடனைத் திருப்பிக் கேட்க முடியாது. இந்த நம்பிக்கையில்தான் என் இளமையில் பாதி தாமிரபரணியில் கழிந்தது. காது இரண்டும் தண்ணீருக்குள் இருக்கும். மேலே மேகம் பைய நகரும். நான் தச்சநல்லூரில் இன்னும் கட்டாத வீட்டுக்கு ஜன்னல் வைத்துக்கொண்டிருப்பேன். (கரையில் கழற்றிப் போட்ட சட்டைக்குள் வசூல்காரரின் அழைப்பு அலறிக்கொண்டிருக்கும்.)

கிரெடிட் கார்டில் ஒரு கேமரா வாங்கியிருந்தேன், மேகத்தைப் படம் பிடிக்க. தவணை நின்றுபோனது. கடைசியில் வசூல்காரரே இறங்கிவந்து, பாதியைக் கட்டினால் செட்டில் செய்துவிடலாம் என்றார். கட்டினேன். 'செட்டில்டு' என்று வந்த குறுஞ்செய்தியை சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் செல்வியைப் பெண் பார்க்கப் போனோம். ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் வியாபாரம் செய்யும் அவள் அப்பா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"மாப்ளே, செட்டில் ஆயிட்டியளா?"

"ஆயிட்டேன் மாமா. மெசேஜே வந்துட்டு."

தமாஷ் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார், பாவம். வீட்டுக்கடன் கிடைத்ததும் கல்யாணம் என்று பேச்சு. செல்வியை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அந்தப் பெருமையில் பேங்குக்கு மாமாவையும் கூட்டிப் போனேன்.

பேங்க் அதிகாரியம்மா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபேன் காற்றில் எனக்குக் கண் சொக்கியது. இன்னும் கட்டாத அந்த வீட்டு மொட்டைமாடியில் செல்வி துணி காயப்போட, நான் மேகம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், உங்க கிரெடிட் ரிப்போர்ட்ல செட்டில்டுன்னு இருக்கே" என்றார் அந்தம்மா.

மாமா முந்திக்கொண்டார். "ஆமா தாயி. அதைக் கேட்டுட்டுத்தான பொண்ணே குடுக்கோம்."

அந்தம்மா பொறுமையாக விளக்கினார். முழுக் கடனையும் கட்டாமல் பேரம் பேசி முடித்தவன் என்று அதற்கு அர்த்தமாம். ஏழு வருஷம் வரைக்கும் அது ரிப்போர்ட்டிலேயே கிடக்குமாம். அதுவரை வீட்டுக்கடன் கிடைப்பது கஷ்டமாம். மொட்டைமாடி, துணி, செல்வி எல்லாம் ஒரே நொடியில் போயின. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெளியே வந்ததும் மாமா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். பிறகு, "சனி புடிச்சாலே ஏழரை வருஷம்வே. இது அரை வருஷம் முன்னாலயே போயிருதுல்லா" என்றார்.

மீதிப் பணத்தைக் கட்டினேன். கல்யாணம் முடிந்து வாடகை வீட்டில் குடியேறினோம். இப்போது செல்வியின் தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள். செட்டில் ஆகிவிட்டேன் என்று எந்தப் பையனாவது சொன்னால், மாமா ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "முழுசாவா, பாதியாவா?" என்கிறார்.