கண்ணாடி வீட்டில் குடியேறிய மெழுகுக் குடும்பம்

யாரையாவது படித்த முட்டாள் என்று திட்டுவதற்கு முன் நான் இரண்டு முறை யோசிப்பேன். ஒரு நாள் முழுக்க அந்தப் பட்டம் எனக்குச் சொந்தமாக இருந்தது. அதுவும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, நாலு பள்ளிகளின் பிள்ளைகள் கூடி நின்று பார்க்க.

எண்பதுகளின் தொடக்கம். பி.எட். முடித்த கையோடு உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்திருந்தேன். தற்காலிக வேலை. காஞ்சிபுரத்திலிருந்து தினமும் பஸ். வயது இருபத்து மூன்று. எனக்குத் தெரியாதது உலகத்தில் எதுவும் இல்லை என்று நம்பிய வயது. (இப்போது அறுபதைத் தாண்டிவிட்டேன். தெரிந்தது எது என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.)

அந்த வருடம் வட்டார அறிவியல் கண்காட்சி எங்கள் பள்ளியிலேயே நடக்கும் என்று உத்தரவு வந்தது. மின்சாரம் குறைவாகச் செலவாகும் மாதிரி வீடு ஒன்றைப் பிள்ளைகள் வடிவமைக்க வேண்டும். பள்ளிக்கு ஒரு வீடு. தேர்வானால் காஞ்சிபுரத்துக்குப் போகலாம். தலைமையாசிரியரை எல்லோரும் ‘பெரிய சார்’ என்போம். அவர் என்னைக் கூப்பிட்டார்.

“இதுல நம்ம ஸ்கூல் பேர் வந்துச்சுன்னா, உங்கள நிரந்தரம் பண்ணச் சொல்லி நானே எழுதறேன்மா.”

அவ்வளவுதான். பிள்ளைகள் வடிவமைக்க வேண்டும் என்ற வரி என் மூளையிலிருந்து காணாமல் போய்விட்டது.

ஏதோ ஒரு பத்திரிகையில் வெளிநாட்டு வீடு ஒன்றின் படம் பார்த்திருந்தேன். நாலு பக்கமும் கண்ணாடி. என் கணக்கு எளிமையானது. கண்ணாடி இருந்தால் வெளிச்சம் வரும். வெளிச்சம் வந்தால் விளக்கு வேண்டாம். விளக்கு இல்லையென்றால் மின்சாரம் மிச்சம். (வெளிச்சத்தோடு கூட இன்னொன்றும் வரும் என்பது ஏழாம் வகுப்புப் பாடம். அதை நான்தான் நடத்திக்கொண்டிருந்தேன்.)

ஒன்பதாம் வகுப்பில் ரகு என்று ஒரு பையன். அவன் அப்பாவுக்கு ரைஸ் மில். படத்துக்குச் சட்டம் போடும் கடையில் சொல்லி அவன் கண்ணாடித் துண்டுகள் வாங்கி வந்தான். பசை போட்டு ஒட்டி, தகரக் கூரை வைத்து, அதற்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்தோம். உள்ளே தீப்பெட்டியில் சோபா. அதில் உட்கார மெழுகுவர்த்தியை உருக்கி நானே ஒரு குடும்பம் செய்தேன். அப்பா, அம்மா, குழந்தை, தாத்தா. சோபாவில் மூன்று பேருக்குத்தான் இடம் இருந்தது.

“தாத்தாவ இன்னா டீச்சர் பண்றது?” என்றான் ரகு.

“எங்கயாவது வை.”

அதே வாரத்தில், அதே வகுப்பைச் சேர்ந்த அமலா லேப் வாசலில் வந்து நின்றாள். அவள் அப்பா அம்மா இரண்டு பேருமே கூலி வேலை. நடவு இல்லாத நாளில் செங்கல் சூளை. அமலா கையில் ஒரு பலகை, பலகை மேல் ஒரு மண்மேடு.

“டீச்சர், நாங்களும் ஒண்ணு செஞ்சிக்கினு வந்துகீறோம்.”

“என்ன இது, எறும்புப் புத்தா?”

“வூடு டீச்சர்.”

செம்மண் சுவர். கூரையிலும் மண்தான் பூசியிருந்தாள். அதை நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை. “லேப்ல மண்ணு கொட்டக் கூடாது. எடுத்துட்டுப் போய் வெளியே வை” என்று சொல்லிவிட்டு என் கண்ணாடியைத் துடைக்கப் போய்விட்டேன். அவள் முகம் சுளிக்கவில்லை. பலகையைத் தூக்கிக்கொண்டு போய் லேப் சுவரோரம், நிழலே விழாத ஓர் இடத்தில் வைத்தாள்.

கண்காட்சி நாள் வந்தது. நல்ல ஆவணி வெயில். நடுவராக வந்த கல்வி அதிகாரி எங்கள் லேபுக்குள் நுழையவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

“இருட்டுல என்னம்மா தெரியும்? வீட்ட வெளிய கொண்டாந்து வெயில்ல வைங்க. மத்த ஸ்கூல்லாம் பாத்துட்டு வரேன். எப்படி இருக்குன்னு அப்புறம் பாக்கலாம்.”

எனக்கு ஒரே சந்தோஷம். கண்ணாடி வீட்டை மைதானத்தின் நடுவில், இருக்கிற வெயிலெல்லாம் விழுகிற இடமாகப் பார்த்து வைத்தேன். தகதகவென்று மின்னியது. உள்ளே ஒரு தெர்மாமீட்டரைச் செருகிவிட்டு, பேசவேண்டிய பேச்சை மனப்பாடம் செய்யத் தொடங்கினேன்.

அரை மணி நேரம் போயிருக்கும்.

“டீச்சர், அப்பா சாயறாரு” என்றான் ரகு.

“காத்துல அசையுதுடா.”

“மூடின வூட்ல ஏது டீச்சர் காத்து?”

திரும்பிப் பார்த்தேன். அப்பா அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தார். அம்மா குழந்தையின் மேல் சாய்ந்திருந்தாள். குழந்தையைக் காணவில்லை, சோபாவிலிருந்து தரைக்கு வழிந்திருந்தது. கூரையைத் திறக்கலாமென்று தகரத்தில் கை வைத்தேன். விரல் சுட்டது. “ஐயோ!” என்று நான் கத்திய கத்தலில் மைதானத்தில் இருந்த அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். அதிகாரியும்தான்.

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

“தூங்கறாங்களாம்மா?”

“ஓய்வெடுக்கறாங்க சார்.”

தெர்மாமீட்டரைப் படித்தார். அறுபது டிகிரி. என்னை நிமிர்ந்து பார்த்தார். எதையாவது சொல்லியாக வேண்டும்.

“இது குளிர்காலத்துக்கான வீடு சார்.”

“உத்திரமேரூர்ல அது எந்த மாசம்மா வருது?”

நாலு பள்ளிப் பிள்ளைகளும் சிரித்தார்கள். பெரிய சார் மட்டும் சிரிக்கவில்லை. என் நிரந்தர வேலை அவர் முகத்தில் உருகி வழிவதை நான் கண்ணால் பார்த்தேன்.

அப்போதுதான் ரகு, என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து, வாயைத் திறந்தான். “சார், தாத்தா நல்லாகீறாரு.”

“எந்தத் தாத்தா?”

மிச்சமான தாத்தாவை அவன் அமலாவின் மண் வீட்டில் குடி வைத்திருக்கிறான். சுவர்களுக்கு நடுவில் திணிக்க உமி கொடுத்ததும் அவன்தானாம், அவர்கள் மில்லிலிருந்து. லேப் தெர்மாமீட்டரை எடுத்துக் கொடுத்ததும் அவன்தான். எல்லோரும் லேப் சுவரோரம் போனோம். அதிகாரி கூரையை மெல்லத் தூக்கினார். காலையிலிருந்து வெயிலில் இருந்த வீட்டுக்குள் தாத்தா கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். மீசைகூடக் கலையவில்லை. உள்ளே முப்பத்தைந்து டிகிரி.

“இதை யாரு செஞ்சது?”

அமலா ஒரு ரஃப் நோட்டை நீட்டினாள். பன்னிரண்டு நாள், தினமும் மூன்று வேளை, உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்று கோடு போட்டு எழுதியிருந்தாள். முதலில் ஒற்றைச் சுவர், சூடு குறையவில்லை. அடுத்து இரட்டைச் சுவர், கொஞ்சம் குறைந்தது. பிறகு நடுவில் உமி. பிறகு, அகல் விளக்குகளை வரிசையாகக் கவிழ்த்து மேலே மண் பூசிய கூரை. ஒவ்வொரு தடவையும் ஒன்றே ஒன்றைத்தான் மாற்றியிருந்தாள். பி.எட். வகுப்பில் சோதனை செய்யும் முறை என்று நான் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியது இதைத்தான். செய்து பார்த்ததில்லை.

“கூரைக்குக் கீழ எதுக்கு இந்த ஓட்டை?” என்று அதிகாரி கேட்டார்.

“சூடு மேல போவும் சார். போறதுக்கு வழி வுடணும் இல்ல? எங்க வூட்ல ஒரு எடத்துல கூரை பிச்சிக்கினு கீது. அதுக்குக் கீழ படுத்தா வேர்க்காது. மழ பெஞ்சாதான் பேஜாரு. அதான் இதுல ஓட்டைக்கு மேல கூரைய எறவாணமா நீட்டி வெச்சிட்டேன்.”

கூரை கிழிந்திருப்பதைச் சொல்ல அவள் கொஞ்சமும் கூசவில்லை. அது அவளுக்கு ஒரு தகவல், அவ்வளவுதான். என் விரல் எரிச்சலை மறந்து நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ரொம்ப நல்லா செஞ்சிருக்கம்மா. யாரு சொல்லிக்குடுத்தது?”

“எங்க டீச்சர்தான் சார்.”

நான் தலையைக் கொஞ்சம் நிமிர்த்தினேன்.

“டீச்சர் லேப்ல வெக்க வாணாம்னுட்டாங்க. அதான் வெயில்ல வெச்சோம். உள்ள வெச்சிருந்தா ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது சார்.”

கிண்டல் எதுவும் இல்லை. நிஜமாகவே நன்றி சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

மண் வீடு காஞ்சிபுரத்துக்குப் போனது. பெரிய சாரும் என் வேலைக்காக எழுதினார். “இருங்கம்மா. நீங்க தடுத்தும் முன்னுக்கு வர பசங்க இங்க நிறைய பேர் இருக்காங்க” என்றார். மறுநாள் அந்த ரஃப் நோட்டை அமலாவிடம் கேட்டு வாங்கி, முழுவதையும் என் கையால் பார்த்து எழுதிக்கொண்டேன். அதற்குப் பிறகு எந்த மண்மேட்டையும் குனிந்து பார்க்காமல் விட்டதில்லை.

அமலா பாலிடெக்னிக் படித்துக் கட்டட வேலைக்கே போனாள். பல வருடம் கழித்து நாங்கள் வீடு கட்டியபோது அவள்தான் பிளான் போட்டுக் கொடுத்தாள். கிரகப்பிரவேசத்தன்று சாப்பிட்டுக்கொண்டே என் கணவரிடமும் மகளிடமும் இந்தக் கதையை ஒரு வரி விடாமல் சொல்லிவிட்டுப் போனாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு சட்டம். எதைச் செய்யலாமா வேண்டாமா என்று குழம்பினாலும் என்னிடம் வந்து கேட்பார்கள். நான் வேண்டாம் என்றால் உடனே செய்துவிடுவார்கள்.

என் மகள் தனக்குப் பிடித்த பையனின் போட்டோவை என்னிடம் நீட்டியபோது, ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “வேண்டாம்மா, சரியா வரும்னு தோணல” என்றேன்.

கணவர் எழுந்து போய்க் காலண்டரைக் கொண்டுவந்தார்.

“டீச்சர் வாணாம்னுட்டாங்க. முகூர்த்தம் பாரு.”

மாப்பிள்ளை, உண்மையைச் சொல்லத்தானே வேண்டும், தங்கமான பையன்.