கால் மைல் கம்பம்

இந்தக் கோடையில் நடப்பதே இல்லை என்று நான் தீர்மானம் செய்தேன். இந்தக் கோடை முழுக்க என்னை நடக்க வைப்பது என்று என் மனைவி லோர்னா தீர்மானம் செய்தாள். எங்கள் வீட்டில் தீர்மானங்கள் ஜோடியாகத்தான் பிறக்கும். பிழைப்பது ஒன்றுதான்.

அமெரிக்காவின் ஆரிகன் கடற்கரையோரமாக வடக்கே கேரவனில் போய்க்கொண்டிருந்தோம். அதில் எனக்கென்று இருந்த ஒரே சொத்து என் சாய்வு நாற்காலி. காப்பிக் கோப்பை வைக்கக் கையோரத்தில் பள்ளம்கூட உண்டு. முகாமில் வண்டியை நிறுத்தியதும் அதை வெளியே விரிப்பேன். கடலைப் பார்த்தபடி கண்ணை மூடிக்கொள்வேன்.

"மெர்வின், நாற்காலியில நீங்க உட்காரலை. அதுதான் உங்க மேல உட்கார்ந்திருக்கு. நாளைக்கு இங்கேருந்து வடக்கே போற மலைமுனைப் பாதை ஆறு மைலையும் நடக்கணும். இல்லேன்னா நாற்காலி ஃபிளாய்டுக்கு."

ஃபிளாய்ட் பக்கத்துக் கேரவன்காரர். சும்மா பதம் பார்ப்பதாகச் சொல்லித் தினம் இரண்டு தடவை அதில் உட்கார்ந்துவிட்டுப் போகிறவர். அன்று அளவு நாடாவோடு வந்தார்.

நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. ஆனால் மூளை ஓடியது. உட்கார்ந்தே இருப்பவனுக்கு அது ஒன்றுதான் ஓடும்.

"கண்ணு, போன வழியிலேயே திரும்பி வர்றதுல என்ன ரசனை? நீ காலையில சைக்கிள்ல ரோட்டு வழியா வடக்கு முனைக்குப் போ. அங்கே பூட்டிட்டு, பாதையில தெற்கே நடந்து வா. நான் இங்கேருந்து வடக்கே வர்றேன். நடுவுல சந்திச்சு சாவிய மாத்திக்கலாம். கேரவன் சாவி உனக்கு, சைக்கிள் சாவி எனக்கு. மிச்சத்தை நடந்து முடிச்சு நான் சைக்கிள்ல திரும்பிடறேன்."

"ஆஹா! நாப்பத்திரண்டு வருஷத்துல நீங்க போட்ட முதல் உருப்படியான திட்டம்!"

உள்ளே இருந்த திட்டம் வேறு. பாதையில் கால் மைல் போனால் ஒரு பெஞ்சு. மனிதனுக்குக் கால் மைல் போதாதா? அங்கேயே உட்கார்ந்துகொள்வேன். லோர்னா வந்ததும் அதுதான் நடு என்று சொல்லி, கூடவே திரும்பிவிடுவேன். போக மூன்று, வர மூன்று, கணக்கு ஆறு. திரும்பும் மூன்று மைல் எப்படி ஐந்து நிமிடத்தில் முடிந்தது என்று கேட்டால், பேச்சு சுவாரசியம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பாதையில் கால் மைலுக்கு ஒரு கம்பம், அதில் எண். மறுநாள் காலையில் பெஞ்சுக்குப் பக்கத்துக் கம்பத்தில் என் மழைக்கோட்டை மாட்டி எண்ணை மறைத்துவிட்டு உட்கார்ந்தேன். மற்றக் கம்பங்களைப் பற்றிக் கவலை இல்லை. லோர்னா பறவை பார்க்கிறவள். கண் எப்போதும் மேலேதான் இருக்கும்.

பதினொரு மணிக்கு யாரோ என்னை உலுக்கினார்கள். லோர்னா.

"அதுக்குள்ள நடுவுக்கு வந்துட்டீங்களா?"

"பின்னே? அரை மணி நேரமா காத்துக்கிட்டிருக்கேன்."

"மூணு மைல் நடந்தும் ஒரு சொட்டு வேர்வை இல்லியே!"

"நம்ம உடம்பு அப்படி."

"அப்ப மிச்ச மூணு உங்களுக்கு எந்த மூலைக்கு? சாவியக் குடுங்க."

"உன்னைத் தனியா அனுப்ப மனசு வரலை கண்ணு. கூடவே வர்றேனே. சைக்கிளை நாளைக்குப் போற வழியில..."

"ராத்திரி பூரா அது பனியில கிடக்கவா? முடியலேன்னா சொல்லிடுங்க. ஃபிளாய்ட்கிட்ட நான்..."

"யாருக்கு முடியலை?"

சாவிகள் கைமாறின. உண்மையைச் சொன்னால் நாற்காலி போகும். சொல்லாவிட்டால் என் கால் போகும். நாற்காலிக்குக் கால் நாலு, எனக்கு இரண்டுதான். பெரும்பான்மைக்குக் கட்டுப்பட்டு நடந்தேன்.

ஐந்தே முக்கால் மைல்! ஓடில்லாத மஞ்சள் நத்தை ஒன்று என்னை முந்திக்கொண்டு போனது. திரும்பிப் பார்த்ததாகவும் நினைவு. ஓரிடத்தில் மூடுபனி விலகி, கீழே கடல் பளிச்சென்று தெரிந்தது. அழகுதான். ஒத்துக்கொள்ளத்தான் எரிச்சலாக இருந்தது.

வடக்கு முனையில் சைக்கிள் இருந்தது. சீட்டு லோர்னாவின் உயரத்துக்கு இறக்கி வைத்தது. அதை உயர்த்தும் ஸ்பேனர் கேரவனில். ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் தாடையை விசாரித்தது. மரம் ஏற்றிய லாரிகள் ஹாரன் அடித்து உற்சாகப்படுத்தின.

முகாமுக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. என் நாற்காலியில் முழுதாகச் சாய்ந்திருந்தாள் லோர்னா. பள்ளத்தில் அவள் காப்பி.

"ஏன் இவ்வளவு நேரம்? மூணு மைல்தானே மிச்சம்?"

"வழியில... பறவை பார்த்தேன்."

"பறவையா? பரவாயில்லையே! சரி, சொன்ன வாக்கு மாற மாட்டேன். நாற்காலி ஃபிளாய்டுக்கு இல்லை."

எனக்கு உயிர் வந்தது. அவள் மட்டும் எழுந்திருக்கவில்லை. முதுகுக்குச் சுருட்டி வைத்திருந்த எதையோ உருவி என்னிடம் நீட்டினாள்.

"இந்தாங்க உங்க கோட்டு. கால் மைல் கம்பத்துலயே மறந்துட்டுப் போயிட்டீங்க."