ஏழு வைஸுக்கு ஒரு பரீட்சை

ஒரு வைஸ்கூட இந்த வீட்டு வாசப்படியைத் தாண்டாது. அப்படியென்று தீர்மானம் பண்ணினேன். சத்தம் போட்டே சொன்னேன். பியாட்ரிஸ் அப்போது மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள்.

வைஸ் தெரியும்தானே? ஒர்க்‌ஷாப்பில் மேஜை ஓரத்தில் முடுக்கி வைத்திருப்பார்களே, வாயில் எதைக் கொடுத்தாலும் கவ்விக்கொண்டு விடாதே, அந்த இரும்புச் சாமான். என்னிடம் ஏழு இருக்கிறது. எல்லாம் பழசு. ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய சாமான் விற்கிற குஜிரி பஜாரில் அலைந்து, பேரம் பேசி, ஆட்டோக்காரரிடம் திட்டு வாங்கி, ஒவ்வொன்றாகக் கொண்டு வந்து சேர்த்தது.

நான் ஃபிட்டரா என்றால், அதுதான் இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். சுவரில் காலண்டர் மாட்ட ஆள் கூப்பிடுகிற ரகம். அப்புறம் எதற்கு ஏழு வைஸ்? எனக்கே தெரியாது. சாயங்காலம் கேபை விட்டு இறங்கி, காக்ஸ் டவுன் வீட்டுக்குள் நுழைந்து, நேராகப் பின்பக்கம் தகரக் கூரை போட்ட ஷீட் ரூமுக்குப் போவேன். ஒவ்வொரு கைப்பிடியையும் ஒரு சுற்று சுற்றுவேன். அது சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டு போகும். அப்புறம்தான் எனக்குச் சோறு இறங்கும். அவ்வளவுதான் விஷயம். இதில் யாருக்கு என்ன நஷ்டம், சொல்லுங்கள்!

பியாட்ரிஸ் ஸ்கூலில் வைஸ் பிரின்சிபால். வீட்டில் வைஸ் மட்டும் என்னுடையது, பிரின்சிபால் அவள். கணக்கு டீச்சர் வேறு. சாயங்காலம் ஹாலில் டியூஷன்.

மே மாசக் கடைசியில் ஒருநாள் ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள ஷீட் ரூம் காலியாகணும்."

"எதுக்கு?"

"டியூஷனுக்கு. ஹால்ல புள்ளைங்க அல்ஜீப்ரா போடுது. நீங்க நடுவுல லுங்கிய மடிச்சுக் கட்டிக்கினு, ஸ்கோர் இன்னான்னு கேட்டுக்கினே போறீங்க. ஒரு பையன் அந்த ஸ்கோரையே ஆன்சரா எழுதி வெச்சிருக்கான்."

"ஷீட் ரூம்ல என் வைஸ் இருக்கே?"

"அதனாலதான் காலி பண்ணச் சொல்றேன். ஒண்ணு வெச்சுக்கோங்க. மத்ததெல்லாம் வித்துடுங்க."

"எந்த ஒண்ணு?"

"அது உங்க இஷ்டம். நான் தலையிடவே மாட்டேன்."

அதுதான் என்னைப் பிடித்து ஆட்டிவிட்டது. கல்யாணம் ஆன நாளிலிருந்து என் மீசையின் அகலத்தில்கூடத் தலையிட்டவள். இப்போது தலையிட மாட்டாளாம்! திட்டியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். எழுந்தேன். உட்கார்ந்தேன். ஷீட் ரூமுக்குப் போனேன். திரும்பி வந்தேன். தண்ணீர் குடித்தேன். மறுபடியும் போனேன்.

சரி, நியாயமாகவே பார்த்துவிடலாம், எதை வைப்பது எதை விற்பது என்று நின்று யோசித்தேன். பச்சை பெயின்ட் அடித்தது ஒன்று இருக்கிறது. முத்து மாதிரி பீஸ். அதை விற்க மனசு வராது. அடுத்தது கோணவாயன். ஒரு பக்கம் இளித்துக்கொண்டிருக்கும். அதை எவன் வாங்குவான்? அதுவும் இருக்கட்டும். மூன்றாவது குட்டி, உள்ளங்கையில் அடங்கும். அது எந்த இடத்தை அடைக்கிறது, பாவம்! நான்காவது தூக்கவே முடியாத கனம். அதைத் தூக்கினால்தானே விற்க? மற்ற மூன்றும் ஒரே கம்பெனி, ஒரே அச்சு. கூடப்பிறந்ததுகளை எப்படிப் பிரிப்பது? நல்லதை விற்க முடியாது, நல்லது என்பதால். கெட்டதை விற்க முடியாது, கெட்டது என்பதால். கணக்குப் போட்டுப் பார்த்தால் ஏழும் பாஸ்.

அப்போதுதான் மூளையில் பளிச்சென்று ஒரு யோசனை. விற்கிறேன் என்று சொல்ல வேண்டும். விளம்பரமும் போட வேண்டும். ஆளும் வர வேண்டும். ஆனால் ஒன்றும் போகக் கூடாது!

ஃபோனில் விளம்பரம் போட்டுவிட்டு, கம்பீரமாகச் சமையலறை வாசலில் போய் நின்றேன்.

"பியாட்ரிஸ், விளம்பரம் குடுத்துட்டேன். ஆனா ஒண்ணு. வர்றவன் போறவனுக்கெல்லாம் தூக்கிக் குடுக்க மாட்டேன். பொண்ணு குடுக்கற மாதிரி விசாரிச்சுத்தான் குடுப்பேன். கேள்வி கேப்பேன். பதில் சரியா இருக்கணும்."

"கேளுங்க."

"ஒருத்தரும் தேறலன்னா என்னைச் சொல்லக் கூடாது."

"நான் ஏன் சொல்லப்போறேன்? வர்றவங்களுக்குக் காபி போட்டுக் குடுக்கறேன், போதுமா?"

காபியா? இவளா? ஷீட் ரூமுக்குப் போய் ஏழையும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன்.

முதலில் வந்தவர் நாகேஷ். லேத் பட்டறை வைத்திருக்கிறார். பச்சையைத் தட்டிப் பார்த்ததும் கண் விரிந்தது.

"ஒள்ளே பீஸ் சார்! எல்லாம் நல்ல பீஸ்! நானே எடுத்துக்கறேன்."

"கொஞ்சம் பொறுங்க. இதோட வாய் மேல சுத்தியலால அடிப்பீங்களா?"

"அடிக்காம? நாள் பூரா டமால் டுமீல்தான் சார்."

"கைப்பிடி டைட்டாகலேன்னா?"

"பைப்பைச் சொருகி, அது மேல ஏறி நிப்போம்."

பச்சையை மறைத்துக்கொண்டு நின்றேன். "சாயங்காலம் வேலை முடிஞ்சதும்?"

"லைட்ட ஆஃப் பண்ணிட்டு வீட்டுக்குப் போவோம்."

"நான் வைஸைக் கேக்கறேன்."

"அது எங்க சார் போகும்? அங்கேயேதான் இருக்கும்."

ஃபெயில். ஆனால் சும்மா அனுப்பவில்லை. காபி குடிக்கிற வரைக்கும் உட்காரவைத்து, சரியான பதில் என்னவென்று விளக்கமாகவே சொன்னேன். வாய் மேல் சுத்தியல் படவே கூடாது. கைப்பிடிக்குக் கைப் பலம் போதும், பைப் கூடாது. திருகுக்கு கிரீஸ், மற்றதுக்கு எண்ணெய்த் துணி. வேலை முடிந்ததும் வாயை இறுக்கி மூடக் கூடாது, ஒரு காகிதம் நுழைகிற அளவு விட்டு வைக்க வேண்டும். எல்லாம் நான் வீடியோ பார்த்துக் கற்றது. நாகேஷ் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். பியாட்ரிஸ் காலி டம்ளருக்காக டிரேயோடு நின்றிருந்தாள். பாவம், கால் வலிக்கும் என்று நினைத்தேன்.

அடுத்து யாமினி என்று ஒரு பெண்.

"அங்கிள், சோ க்யூட்! ஏழும் வேணும்!"

"எதுக்கும்மா?"

"கஃபே ஓப்பன் பண்றோம். ஃபேக்டரி தீம். கோல்டு பெயின்ட் அடிச்சு, டேபிளுக்கு ஒண்ணு வெச்சிடுவோம். நடுவுல மெனு கார்டு!"

எனக்குக் காது அடைத்துவிட்டது. இரும்புக்குத் தங்கக் கலரா! அதன் வாயில் தோசை விலையா!

"காபியைக் குடிச்சுட்டுக் கிளம்பும்மா."

"அங்கிள், கொஸ்டினே கேக்கலையே?"

"உனக்கு ஹால் டிக்கெட்டே கிடையாது."

பியாட்ரிஸ்தான் அவளைச் சமாதானமாகப் பேசி கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டாள். ரொம்ப நேரம் பேசினார்கள். பெண்பிள்ளைகள் பேச ஆரம்பித்தால் அப்படித்தானே.

அதற்கப்புறமும் வந்தார்கள். வேலை செய்கிறவன் வந்தால், வேலை செய்வானே என்று ஃபெயில். வேலை செய்யாதவன் வந்தால், அப்புறம் உனக்கு எதற்கு என்று ஃபெயில். மாடியில் குடியிருக்கிற தாஸ்கூடக் கேட்டுப் பார்த்தார். முந்திரி உடைக்கவாம். அவரோடு இப்போது பேச்சுவார்த்தை இல்லை. தோற்ற எல்லோருக்கும் பதிலைச் சொல்லிக் கொடுத்தேன், எண்ணெய் போடுவதைச் செய்தும் காட்டினேன். ஒவ்வொரு தடவையும் டிரேயோடு பியாட்ரிஸ். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. ஒரு முணுமுணுப்பு இல்லை.

ஜெயிக்கிறவனுக்குச் சந்தோஷம் வர வேண்டாமா? எனக்கு உட்கார்ந்தால் உட்கார முடியவில்லை. ஆபீஸில் டெபிட்டையும் கிரெடிட்டையும் மாற்றிப் போட்டேன். கேபில் உட்கார்ந்துகொண்டு, இந்நேரம் வீட்டில் என்ன நடக்கிறதோ என்று பதறினேன்.

"பியாட்ரிஸ், உனக்குக் கோபமே இல்லையா?"

"எதுக்கு?"

"ஒண்ணும் விக்கலையே!"

"நல்லவன் ஒருத்தன் வராமலா போயிடுவான்? சாப்பிடுங்க."

ஸ்கூல் திறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்து உட்கார்ந்தேன். கேட்டில் ஒரு வாலிபன். பெயர் ராகேஷ். ஷீட் ரூம் வாசலிலேயே செருப்பைக் கழற்றினான். எனக்குப் பக்கென்றது. இதுவரை ஒருத்தரும் கழற்றியதில்லை. உள்ளே வந்து ஒன்றையும் தொடவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"வாய் மேல சுத்தியல் போடுவியாப்பா?"

"ஐயோ அங்கிள், என்ன பேச்சு இது!"

"கைப்பிடி டைட்டாகலேன்னா?"

"கைப் பலம் போதும் அங்கிள். பைப் சொருகறவனையெல்லாம் பிடிச்சு ஜெயில்ல போடணும்."

"திருகுக்கு?"

"கிரீஸ். மத்ததுக்கு எண்ணெய்த் துணி."

"வேலை முடிஞ்சதும்?"

"ஒரு பேப்பர் நுழையற அளவு வாயைத் தொறந்து விடணும் அங்கிள். அதுவும் மூச்சு விடணும்ல?"

மூச்சு விட வேண்டும் என்று நான் மனசுக்குள்தான் நினைப்பேன். வாய்விட்டு ஒருத்தரிடமும் சொன்னதில்லை. தூக்கத்தில் வேண்டுமானால் உளறியிருப்பேன். கடைசி ஆயுதத்தை எடுத்தேன். இதற்கு இதுவரைக்கும் ஒருத்தனும் தப்பித்ததில்லை.

"இதெல்லாம் எதுக்கு உனக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எதுக்குன்னு கேட்டா சொல்லத் தெரியல அங்கிள். சும்மா பக்கத்துல வெச்சுப் பாத்துக்கிட்டே இருக்கணும் போல இருக்கு."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷமாக நான் சொல்ல முடியாமல் தவித்த பதிலை, யாரோ பெற்ற பிள்ளை வந்து சொல்லிவிட்டான். அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். காபி வேண்டாம், சாப்பிட்டுவிட்டே போ என்றேன். சாப்பிட்டான்.

"ஏழும் எடுத்துக்கப்பா."

பியாட்ரிஸ் குறுக்கே வந்தாள். "ஏங்க, ஒண்ணையாவது வெச்சுக்கோங்களேன். அந்தப் பச்சை?"

"சும்மா இரு! பிரிச்சு அனுப்பினா ஏங்கிப் போயிடும். அதோட அருமை தெரிஞ்சவன்கிட்ட எல்லாம் ஒண்ணா இருக்கட்டும்."

"உங்க இஷ்டம். நான் தலையிட மாட்டேன்."

பாதி விலைதான் வாங்கினேன். எண்ணெய்த் துணியும் கிரீஸ் டப்பாவும் இலவசம். நானே முக்கி முனகி வண்டியில் ஏற்றிவிட்டேன். தெரு முனை திரும்புகிற வரைக்கும் கையாட்டிக்கொண்டு நின்றேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. மனசு மட்டும் பல நாளைக்கப்புறம் லேசாக இருந்தது. ஆஹா, கொடுத்தால் இப்படிப்பட்டவனுக்கல்லவா கொடுக்க வேண்டும்!

மறுநாள் சாயங்காலம் ஃபோன்.

"அங்கிள், ராகேஷ் பேசறேன்."

"சொல்லுப்பா! எல்லாம் சௌக்கியமா இருக்குதுங்களா?"

"சூப்பரா இருக்கு அங்கிள். ஒரு சின்ன டவுட். இத எந்தப் பக்கம் சுத்தினா தொறக்கும்?"

"என்னப்பா கேட்ட?"

"காலையிலேர்ந்து ஆளாளுக்கு முறுக்கிப் பாக்கறோம். இறுகிக்கிட்டேதான் போகுது."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல். யாமினியேதான். "டேய், அங்கிள்கிட்ட ஏன்டா கேக்கற? பியாட்ரிஸ் ஆன்ட்டிக்கு ஃபோன் போடுன்னுதானே சொன்னேன்! அவங்கதானே உனக்குச் சொல்லிக் குடுத்தாங்க! சீக்கிரம், கோல்டு பெயின்ட் காய்ஞ்சிடுச்சு, மெனு கார்டு மாட்டணும்!"

லைன் கட்டானது.

ஷீட் ரூமுக்கு ஓடினேன். பெஞ்சு போட்டாகிவிட்டது. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பியாட்ரிஸ் போர்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள்.

"பியாட்ரிஸ்! கேட்ட கேள்விக்கெல்லாம் டாண் டாண்ணு பதில் சொன்னானே, அவனுக்கு வைஸை எந்தப் பக்கம் சுத்தறதுன்னுகூடத் தெரியலடி!"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டே சொன்னாள்.

"அது உங்க சிலபஸ்லயே இல்லையேங்க."