ஷேக்ஹேண்ட் சாரின் வலது கை

எங்கள் தீவு ஊரான மாயாபந்தரில் ஷேக்ஹேண்ட் சாரிடம் கை கொடுக்காத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் இன்னும் கப்பலை விட்டு இறங்கவில்லை என்று அர்த்தம்.

எங்கள் அலுவலகத்தில் அவர் ஹெட் கிளார்க். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. காலையில் வாட்ச்மேன் தொடங்கி மாலையில் கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியில் மீன் விற்கும் பெங்காலிக்காரர் வரை எல்லோருக்கும், "க்யா பாய், டீக் ஹை?" என்று நலம் விசாரித்தபடி கை கொடுப்பார். அடிபம்பில் தண்ணீர் வராத கோபத்தில் அடிப்பது போல இருக்கும் அந்தக் குலுக்கல். மெயின்லேண்டிலிருந்து வந்த புது அதிகாரிக்கு மூக்குக்கண்ணாடியே கழன்று மடியில் விழுந்தது. பல் பிடுங்க வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தவரையும் சார் விட்டுவைத்ததில்லை.

இத்தனை வருட உழைப்புக்குப் பிறகு கை வேலைநிறுத்தம் செய்தது. கட்டைவிரலுக்குக் கீழே, மணிக்கட்டோரம் வலி. துண்டைப் பிழிய முடியவில்லை; பூட்டில் சாவியைத் திருப்ப முடியவில்லை.

"எவனோ பதிலுக்கு ஓவரா அழுத்திட்டான்யா!" என்று பாதி ஊரைச் சந்தேகப்பட்டார்.

நான்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா, கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடிக்கச் சொல்லி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தார். சார் போட்ட சத்தத்தில், வரிசையில் இருந்த காய்ச்சல்காரர் ஒருவர் குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார்.

"நரம்பா டாக்டர்?"

"நரம்பு இல்லங்கய்யா. கட்டைவிரலை இழுக்கிற தசைநாண் தேஞ்சிருக்கு. அது ஓடுற உறையும் தடிச்சுப்போய் நெருக்குது. இந்தப் பட்டையைப் போட்டுக்கிட்டு கைக்கு ரெஸ்ட் குடுங்க. யாருக்கும் கை குடுக்காதீங்க."

"யாருக்குமேவா?" சோற்றை நிறுத்தச் சொன்னது போல விழித்தார் சார்.

அந்த வாரமே போர்ட் பிளேர் பக்கத்துப் புரோத்ராபூரிலிருந்து அவர் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். நோயாளி வீடு என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் சார் பட்டையைக் கழற்றி ஒளித்துவிட்டு, வெறுமனே கும்பிட்டார். மாப்பிள்ளையின் அப்பா முகம் சுருங்கியது.

"ஊருக்கெல்லாம் கை குடுப்பாருன்னு பஸ் டிரைவர்கூட சொன்னான். நமக்கு மட்டும் இல்ல போல. சலோ, கிளம்புவோம்."

வாசல்வரை போனவரை சார் பாய்ந்து பிடித்தார். அதே பழைய பம்பு! நாலாவது குலுக்கலில் கண்ணீர் கொட்டியது.

"அழாதீங்க சம்பந்தி! உங்க பொண்ணு எங்க பொண்ணு!" என்று அவரும் அழுதபடி இன்னும் வேகமாகக் குலுக்கினார். சார் விம்மினார். கல்யாணம் நிச்சயமானது.

பிறகு மணிக்கட்டில் ஓர் ஊசி போட்டார்கள். வலி அடங்கியது. அந்தச் சந்தோஷத்தை ஜெட்டி முழுக்கக் கைகொடுத்துக் கொண்டாடியதில் வலி திரும்பி வந்தது. கடைசியில் போர்ட் பிளேரில் சின்ன ஆபரேஷன். கையை மட்டும் மரக்க வைத்து, நெருக்கும் உறையைக் கீறி விட்டார்கள். வாய் மரக்கவில்லை. உள்ளேயிருந்து, "டாக்டர் சாப், ஆராம் ஸே! மெதுவா!" என்ற குரல் வராண்டாவரை கேட்டது.

சாப்பாடு கொண்டுவந்த சம்பந்தியிடம் சார் மெல்லச் சொன்னார்: "அன்னிக்கு நான் வலியிலதான் அழுதேன்."

"எனக்கு மட்டும் என்னவாம்? நீங்க பிடிச்ச பிடியில மோதிரம் விரலுக்குள்ள போயிடுச்சு!"

கை இப்போது குணமாகிவிட்டது. டாக்டரம்மா சொன்னபடி மெதுவாகத்தான் குலுக்குகிறார். கார் நிக்கோபார் தீவுக்கு மாற்றலாகி நான் கப்பலேறிய அன்று ஜெட்டிக்கு வந்தார். "டீக் ஹை" எதுவும் கேட்கவில்லை. கையைப் பிடித்தவர், ஏணியைத் தூக்கப் போகிறோம் என்று கப்பல்காரர்கள் சத்தம் போடும்வரை விடவில்லை. நானும் இழுத்துக்கொள்ளவில்லை.